யார் வீட்டுக்கு?

ஆயுத பூஜைக்கு மறுநாள் விடிந்தபோது, தாழந்தேரி விலக்கில் இருக்கிற கம்பெனி கேட், மூன்று வருஷமாகத் தன் பலகையில் ஓடவிட்டுக்கொண்டிருந்த ‘அனுமதி இல்லை’ என்ற சிவப்பு எழுத்துகளை உதிர்த்துவிட்டு, அதே சிவப்பில், அதே வேகத்தில், ‘யார் வீட்டுக்கு?’ என்று கேட்க ஆரம்பித்தது. அந்தக் கடற்கரையில் எந்த ஊருக்குள் புதுமுகம் நுழைந்தாலும் முதல் வீட்டு வாசலிலிருந்து வருகிற கேள்விதான் அது என்பதால் ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இதைக் கேட்க ஒரு மிஷினுக்கு இவ்வளவு நாளா என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மெயின் ரோட்டிலிருந்து கடலுக்குப் போகிற ஒரே தார்ச்சாலையின் தலைமாட்டில் அந்தக் கேட் நின்றது. உள்ளே போனால் முதலில் கம்பெனியின் எண்ணெய்க் கிடங்கு, அதைத் தாண்டினால் உப்பளம், அதையும் தாண்டினால் தாழந்தேரி. ஊர் முதலில் வந்தது, சாலை அதற்குப் பிறகு வந்தது, கம்பெனி எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. கடைசியில் வந்தவன் வாசலில் கதவைப் போட்டுக்கொண்டு, முதலில் இருந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். கேமரா வண்டி நம்பரைப் படிக்கும், கம்ப்யூட்டர் அது தனக்குத் தெரிந்த நம்பர்தானா என்று யோசிக்கும், தெரிந்தால் தடுப்புக் கம்பு தானாக மேலே போகும். தாழந்தேரி வண்டி ஒன்றைக்கூட அதற்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் தாழந்தேரியின் லோடு ஆட்டோக்களும் மொபெட்டுகளும் கல்யாண வேன்களும், பிரசவத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்ட ஆம்புலன்ஸும்கூட, உப்போடையைச் சுற்றிக்கொண்டு, பாதி நாள் தண்ணீருக்கடியில் கிடக்கிற மண்பாதையில், ஆடி ஆடி ஊர்போய்ச் சேர்ந்தன.

அந்தக் கேட்டில் காவலுக்கு நின்றவள் முப்பிடாதி. தாழந்தேரிக்காரி. ஊர்ப்பெண்ணுக்கு வேலை கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ள கம்பெனிக்கு ஒருத்தி வேண்டியிருந்தது, முப்பிடாதிக்கும் வேலை வேண்டியிருந்தது. நீலச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவள் செய்த முதல் வேலை, உப்பு மூட்டை ஏற்றி வந்த தன் தம்பி சுயம்புவின் லோடு ஆட்டோவைத் திருப்பி அனுப்பியது. கம்பு தூக்கவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்? ஆனால் ஊருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கூடப்பிறந்தவனையே மறித்தவள் என்ற பெயர் அவள் தொப்பிக்குமேல் இன்னொரு தொப்பியாக உட்கார்ந்துகொண்டது. சுயம்பு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான். அதுதான் அவளுக்குச் சோற்றில் கல்லாக இருந்தது.

ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் கிராம நிர்வாக அலுவலகச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். கடந்த மூன்றாண்டுகளாகத் தாழந்தேரி வண்டி ஒன்றுகூட இந்தச் சாலையைப் பயன்படுத்தவில்லை, கேட்டில் பதிவான விவரமே அதற்குச் சாட்சி, ஆகையால் பயனற்றுப்போன இந்தப் பாதையைக் கம்பெனிக்கே கொடுத்துவிடலாமா என்று தீபாவளிக்கு முந்தின வாரம் கோட்டாட்சியர் நேரில் வந்து விசாரிப்பார். முப்பிடாதி அதை இரண்டுதடவை வாசித்தாள். பிறகு டீக்கடைக்கு நேராகப் போய், யாரும் கேட்காமலே சத்தம்போட்டாள்.

“வாசலப் பூட்டிட்டு, யாருமே வரலையே, இந்த வீட்டுக்கு ஆளே கெடையாதுன்னு சொல்லுதாம் பாத்துக்கிடுங்க! அதுக்கு என் கையாலயே பூட்டுப் போட வச்சிருக்கான்!”

“பூட்டுனவ நீதான? நீயே தொறயேன்,” என்றாள் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த சீனித்தாய், வாளியை இடுப்பில் மாற்றிக்கொண்டே. முப்பிடாதிக்குச் சித்தி முறை. அந்த ஊரிலேயே நீளமான நாக்கு அவளுடையதுதான்.

முப்பிடாதி அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

ஆயுத பூஜையன்று காவல் ஒப்பந்தக்காரர் வாழைக்கன்றும் பொரிகடலையும் பூசணிக்காயும் வாங்கிப்போட்டு, வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடு என்று முப்பிடாதியிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார். வண்டிக்கடியில் நீட்டிப் பார்க்கிற கண்ணாடிக்கு வைத்தாள், நாற்காலிக்கு வைத்தாள், கம்புக்கு வைத்தாள், கம்ப்யூட்டருக்கு வைத்தாள், கடைசியில் ஏணிபோட்டு ஏறி கேமராவுக்கு வைக்கப்போனபோது அதற்கு எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நெற்றி இல்லாத ஜீவனுக்குக் கண்ணில்தான் வைக்க முடியும் என்று முடிவுசெய்து, கண்ணாடி வில்லையின் நட்டநடுவில் குளிரக் குளிரச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அப்பி, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல “நல்லாப் பாரு” என்றாள். கண்ணுக்குப் பொட்டு வைத்தால் பார்வை மாறிவிடுமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பாதையைப் பூட்டினால் ஊர் இல்லாமல் போய்விடுமா என்று அவர்கள் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் முதலாவதாக வந்து நின்றது நாமக்கல்லிலிருந்து வந்த டேங்கர் லாரி. ஓட்டிவந்தவன் பெயர் அர்த்தநாரி. கம்பு தூக்கவில்லை. பலகை கேட்டது.

“ஏனுங்க அம்மணி, இதென்ன புதுசா என்னமோ கேக்குது?”

“யார் வீட்டுக்குன்னு கேக்கு,” என்றாள் முப்பிடாதி. அவளுக்கும் வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

“நான் எந்த வூட்டுக்குங்க? கிடங்குக்கு லோடு ஏத்த வந்தேனுங்க.”

அந்த நேரம் உப்பளத்துப் பெண்களோடு மெயின் ரோட்டுக் கடைக்கு வந்த சீனித்தாய் நின்று வேடிக்கை பார்த்தாள். “கேக்குறதுக்குப் பதில் சொல்ல வாய் வலிக்கோ? எங்க வீட்டுக்குன்னு சொல்லும்யா. சீனித்தாய் வீட்டுக்குன்னு சொல்லும்.”

அர்த்தநாரி சிரித்துக்கொண்டே, “சீனித்தாயக்கா வூட்டுக்குங்க!” என்றான். கம்பு மேலே போனது.

சாயங்காலம் வெளியே போய்விட்டு மறுநாள் அதே வண்டியோடு வந்து அதையே சொன்னான். கம்பு அசையவில்லை. மூன்றுதரம் சொன்னான், கும்பிட்டும் சொன்னான், நடக்கவில்லை. சீனித்தாய்க்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “நேத்து வீட்டுக்கு வந்தீராவே? வரலைல்லா? பொய் சொன்னா அதுக்குத் தெரியாமலா போவும்?” என்றாள். அன்றைக்கு நிஜமாகவே வருவதாக அவன் ஒப்புக்கொண்டான். கம்பு தூக்கியதும் டேங்கரைக் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டு, உப்பளத்து வரப்பில் நடந்துபோய், சீனித்தாயின் ஓலைப்பந்தலில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு வந்தான். அதற்குப்பிறகு அவன் வண்டி மெயின் ரோட்டில் திரும்பும்போதே கம்பு தூக்கி நின்றது.

தாழந்தேரி வண்டிகளை அது ஒன்றுமே கேட்கவில்லை. நம்பர் அழிந்துபோன மொபெட், நம்பரே இல்லாத மாட்டுவண்டி, மீன்கூடை கட்டிய சைக்கிள், எது வந்தாலும் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்ததுபோல வழிவிட்டது. சுயம்புவின் லோடு ஆட்டோ முதல்முறை வந்தபோது, அவன் பழக்கத்தில் பிரேக் போட்டு, முறைத்துக்கொண்டு நின்றான். கம்பு மேலே போய்விட்டதை அவன் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து அவனுக்கு விளங்கவைக்க வேண்டியிருந்தது.

கம்பெனி சும்மா இருந்துவிடவில்லை. பொது மேலாளர் இன்பநாதன், சட்டை மடிப்புக் கலையாத மனிதர், பொட்டைத் துடைக்கச் சொன்னார். துடைத்தார்கள், வில்லை பளபளவென்று ஆனது, கேள்வி மாறவில்லை. சென்னையிலிருந்து டெக்னீஷியன் வந்து கம்ப்யூட்டரை மாற்றினான். புதுக் கம்ப்யூட்டரும் அதையே கேட்டது. கம்பைக் கழற்றி எடுத்துப் படுக்கவைத்தார்கள். கம்பு இருந்த கோட்டில் வந்ததும் ஒவ்வொரு கம்பெனி வண்டியும் எஞ்சின் அணைந்து நின்றது. சரி, கம்பு இருந்தாலாவது மரியாதையாக இருக்கும் என்று திருப்பி மாட்டினார்கள். டெக்னீஷியன் யார் வீட்டுக்கும் போகாமல் இரண்டு நாள் பட்டினியோடு போராடிவிட்டு ஒரு வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டான். பிறகு, “மிஷின் கரெக்டா வேலை செய்யுது சார், நீங்கதான் அதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க,” என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

இன்பநாதன் முப்பிடாதியைக் கூப்பிட்டார். “நாளையிலேருந்து நீ வரவேண்டாம்.”

“எதுக்கு சார்?”

“கேமராவில குங்குமம் வச்சதுக்கு.”

“அப்ப குங்குமத்தாலதான் இப்படி ஆச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார். உங்க மேலிடத்துலயும் காட்டணும்லா?”

அவர் எழுதித் தரவில்லை. அவள் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மேசைமேல் இரண்டு தொப்பிகளையும் வைத்துவிட்டு வந்ததாகத்தான் அவளுக்குப் பட்டது.

இதற்கிடையில் மெயின் ரோட்டில் டேங்கர்கள் திருவிழாக் கூட்டம்போல வரிசைகட்டி நின்றன. தாழந்தேரி ஜனங்கள் வரிசைக்குப் போய், ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, நீ எங்க வீட்டுக்கு வா, நீ அவிய வீட்டுக்குப் போ என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் ஆகக்கூடிய பழக்கவழக்கமெல்லாம் ஒரு வாரத்தில் ஆனது. கிடங்கு கணக்கரை ஒரு வீட்டில் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். நன்றாகப் பேசுகிற ஒரு இளம் எஞ்சினியருக்காக இரண்டு வீடுகள் முடியைப் பிடித்துக்கொண்டு சண்டைபோட்டன, அவன் ஒற்றைப்படை நாள் ஒரு வீடு, இரட்டைப்படை நாள் ஒரு வீடு என்று சமாதானம் செய்துகொண்டான். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சொன்ன ஒரு சூப்பர்வைசரை ஒரு வீடு தள்ளிவைத்துவிட, அவன் இருட்டும்வரை கேட்டுக்கு வெளியே நின்று, கடைசியில் அந்த வீட்டு வாசலுக்கு நடந்துபோய், “உப்பு சரியாத்தான் இருந்துச்சு மயினி,” என்று உறவு சொல்லி மன்னிப்புக் கேட்ட பிறகே கம்பு இரங்கியது. உப்பு உண்மையில் ஜாஸ்திதான், கிணறெல்லாம் உப்பாகிப்போன ஊரில் வேறெப்படி இருக்கும்? அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப்பார்த்த எஞ்சினியர்தான் கிடங்குக்குள் போகிற நல்ல தண்ணீர்க் குழாயில் ஒரு கிளையை ஊர்ப்பக்கம் திருப்பினால் என்ன என்று கம்பெனிக்குள்ளேயே முதன்முதலாகக் கேட்டான். தீபாவளி முறுக்கு சுடும்போது வீட்டுக்கு வீடு, “நம்ம டேங்கருக்கு ஒரு ஈடு,” என்று தனியாகப் போட்டெடுத்தார்கள்.

இன்பநாதன் மட்டும் யார் வீட்டுக்கும் போகவில்லை. யார் வீட்டுக்கு என்று சொல்லவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டவுனிலிருந்து அவருடைய வெள்ளைக் கார் தினமும் காலையில் கேட்டுக்கு முன்னால் வந்து, சிறிதுநேரம் முறைத்துக்கொண்டு நின்று, உப்போடையைச் சுற்றிப் போனது. முட்டளவுத் தண்ணீரில் இறங்கி ஏறியது, டயர் பஞ்சராகி நின்றது, ஒருநாள் எருமைக்கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மதியம்வரை கிடந்தது. ஊர் வழியாகத்தான் கிடங்குக்கு வரவேண்டும் என்பதால், சேறு அப்பிய அந்தக் காரைத் தாழந்தேரி தினமும் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பாதையில் போய்வந்தவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றும் கிடையாதென்று தெரியும். சீனித்தாய் மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

விசாரணை நாள் வந்தது. முப்பிடாதி விடியுமுன்பே எழுந்து, சொல்லவேண்டியதையெல்லாம் கோழிக்குத் தீனிபோட்டபடியே கோழிகளிடம் சொல்லிப்பார்த்தாள். அன்றைக்குத் தோற்றால் சாலையின் குறுக்கே சுவர் எழும்பும், சுவருக்குக் கேமரா கிடையாது, பொட்டு வைக்க இடமும் கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஊர் முழுக்கக் கேட்டுக்கு உட்பக்கம் கூடியிருந்தது. கோட்டாட்சியர் மெஹர்நிஷாவின் ஜீப் மெயின் ரோட்டிலிருந்து திரும்பி வந்து நின்றது. ‘யார் வீட்டுக்கு?’ என்றது பலகை.

“எங்க வீட்டுக்கு வாங்கம்மா!” என்று பத்துப்பதினைந்து வாய்கள் ஒன்றாகக் கத்தின.

மெஹர்நிஷா கண்ணாடியைக் கழற்றிப் பலகையை வாசித்தார். “விசாரிக்க வந்தவ வழக்குல ஒரு கட்சிக்காரங்க வீட்டுக்குன்னு சொல்லிக்கிட்டு உள்ள வரக் கூடாது,” என்று சொல்லிவிட்டு, ஜீப்பைவிட்டு இறங்கி, கம்புக்குப் பக்கத்தில் ஆள் நடக்கிற சந்து வழியாக உள்ளே வந்து வெயிலில் நின்றார். ஊருக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று.

அடுத்தாற்போல வெள்ளைக் கார் வந்து நின்றது. இன்பநாதன் இறங்கி, கோப்பை விரித்து, நல்ல தமிழில் ஆரம்பித்தார். “மேடம், மூன்று வருடப் பதிவு இதோ. தாழந்தேரி வண்டி ஒன்றுகூட இல்லை. இயந்திரம் பொய் சொல்லாது.”

“நானும் அதத்தான் சொல்லுதேன்,” என்றாள் முப்பிடாதி முன்னால் வந்து. “மிஷினு பொய் சொல்லாது. இப்ப நம்ம ஊரு வண்டி காலைலயும் மாலையும் போவுது, வருது, அதையும் அதே மிஷினுதான் பதிஞ்சு வச்சிருக்கு. அதயும் வாசிக்கச் சொல்லுங்கம்மா.”

“மேடம், அது பழுதாகிவிட்டது.”

“இல்லைன்னு சொன்னப்ப சத்தியசந்தன், உண்டுன்னு சொன்னதும் கோட்டி புடிச்சிட்டா அதுக்கு?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கோட்டாட்சியர் கையைக் காட்டி அடக்கினார். முப்பிடாதி கோழிகளிடம் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாள். காரின் சேறு அப்பிய சக்கரம் கண்ணில் பட்டது. புதிதாக ஒன்று வாயில் வந்தது.

“சார், ஆயுத பூஜை கழிஞ்சதுலேருந்து நீங்க எந்த வழியா வாரீங்க?”

“அது இங்கே சம்பந்தமில்லாத கேள்வி.”

“நான் கேக்கறேன்,” என்றார் மெஹர்நிஷா. “எந்த வழியா வர்றீங்க?”

“சுற்றுப்பாதையில், மேடம்.”

“இந்த ரோட்டுல ஒரு தடவையாவது உள்ள போனீங்களா?”

“இல்லை மேடம்.”

“அப்ப உங்களுக்கு இந்த ரோடு தேவையில்ல?” என்றாள் முப்பிடாதி.

“தேவையில்லையா! தினமும் அந்தச் சேற்றில் விழுந்து எழுந்து வருகிறேன்! தேவையில்லாமலா? இந்தக் கேட் விடவில்லை, அதனால்தானே...”

அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்ன பாதி போதுமானதாக இருந்தது. சீனித்தாய், “எய்யா, எங்க வழக்கையும் நீங்களே பேசிட்டீயளே!” என்று கையைத் தட்ட, ஊர் முழுக்கத் தட்டியது. வரிசையில் நின்ற டேங்கர்கள் ஹாரன் அடித்தன. அர்த்தநாரி தன் வண்டிமேல் ஏறிநின்று விசில் அடித்தான். மெஹர்நிஷா சிரிக்கவில்லை. கோப்பை வாங்கி மூடி, “நீங்க சொன்ன காரணத்தையே எழுதிக்கிறேன்,” என்றார். “விடாததால போகல. பாதை பொதுப்பாதை. தாழந்தேரியோட பாதை. கம்பெனி வேணும்னா போய்வந்துக்கலாம்.”

இன்பநாதன் காருக்குப் பக்கத்தில் தனியாக நின்றார். உச்சிவெயில். சுற்றுப்பாதைக்குத் திரும்பிப்போக அவரால் முடியாதென்று யாருக்கும் சொல்லாமலே தெரிந்தது. பலகை, அவசரமே இல்லாமல், கேட்டுக்கொண்டே இருந்தது. அவரை அப்படியே நிற்கவிடலாம் என்று முப்பிடாதிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் நிற்கிறவனை நிற்கவைத்தே வேடிக்கை பார்ப்பது கம்பெனியின் பழக்கம், ஊரின் பழக்கம் இல்லை.

“சார், எங்க வீட்டுக்குன்னு சொல்லுங்க. ஆனா வரணும். வந்து ஒரு செம்பு தண்ணி குடிக்கணும். அந்தத் தண்ணிய நீங்க குடிச்சுப் பாக்கணும்.”

அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, மேசைமேல் தொப்பியை வைத்துவிட்டுப் போனவளின் பெயரை முதன்முதலாக முழுசாகச் சொன்னார்.

“முப்பிடாதி வீட்டுக்கு.”

கம்பு மேலே போனது. காரைக் கிடங்கு வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தார். தண்ணீரைக் குடித்தார். முகம் கோணியது, ஆனால் செம்பைக் கீழே வைக்காமல் முழுவதும் குடித்தார். எஞ்சினியர் கேட்ட குழாய்க்கிளை பொங்கலுக்கு முன்னால் ஊருக்குள் வந்ததற்கு அந்தச் செம்புதான் காரணம் என்று சீனித்தாய் சொல்கிறாள், எஞ்சினியரின் இரண்டு வீட்டுக்காரர்களும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பிடாதி, அதான் கேட்டே நல்லாக் கேக்குதே, நான் எதுக்கு என்று சொல்லிவிட்டு, தம்பியோடு சேர்ந்து டவுனுக்கு உப்பு ஏற்றுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். முதல் லோடு போகிற காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டைகள் முதுகில் இடிக்க, கிடங்கைத் தாண்டி வந்தாள். கேட் கண்ணில் பட்டதும் சுயம்புவின் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. வண்டி தயங்கியது. கம்பு எப்போதோ மேலே போய்விட்டிருந்தது.

“எதுக்குல நிப்பாட்டுத?” என்றாள் முப்பிடாதி.

சுயம்பு அவளைப் பார்த்தான். மூன்று வருஷத்தில் முதன்முதலாகச் சிரித்தான்.

“நம்ம ரோடுதாம்ல. மிதி,” என்றாள் முப்பிடாதி.